குண்டின் வேகமும் கடலூர்க் கோட்டையும்

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர் பலர், சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளில் புதிய மருந்தும் குண்டும் இட்டுத் தாமே மீண்டும் நிரப்பிக்கொள்வர். அவற்றின் வேகம் ஒரே சீராக உள்ளதா என்று பார்க்க அவர்கள் வாங்கும் கருவி குரோனோகிராஃப். விலை மலிந்த கருவியை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்வியின் வேரைத் தேடிப் போனால் நாம் கடலூருக்கு வந்து சேர்கிறோம்.

1742 வரை துப்பாக்கிக் குண்டின் வேகத்தை எவரும் சரிவர அளந்ததில்லை. காற்று மெல்லியது, அது குண்டை என்ன செய்துவிடும் என்றே பலரும் எண்ணினர். அவ்வாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் பீரங்கிக் கலையின் புதிய கொள்கைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் காட்டிய கருவி எளியது: ஊசலாகத் தொங்கவிட்ட ஒரு கனத்த மரப்பலகை. ஏறக்குறைய 56 பவுண்டு எடையுள்ள அந்த ஊசலில், பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கே உள்ள குண்டு பாய்ந்து புதையும். ஊசல் எவ்வளவு விலகியது என்பதை அதனுடன் இணைத்த நாடா காட்டும். கண்ணுக்குப் புலப்படாத வேகம், கண்ணால் அளக்கத்தக்க மெல்லசைவாகிவிட்டது.

நொடிக்கு 1,600 அடிக்கும் மேலான வேகம் கிடைத்தது. காற்றே இல்லையெனில் அந்தக் குண்டு 15 மைல் பறக்க வேண்டும்; உண்மையில் அது ஒரு மைல்கூடச் செல்வதில்லை. காற்றைப் பற்றிய பழைய நம்பிக்கை இந்த ஒரு கணக்கில் உடைந்தது. 1745இல் ஆய்லர் இந்நூலை ஜெர்மனில் பெயர்த்து, மூலத்தைவிடப் பன்மடங்கு நீண்ட உரையும் எழுதினார். உரையாசிரியர்களைப் போற்றும் மரபில் வந்த நமக்கு இது வியப்பன்று.

1860களில் பெல்ஜியத்தின் லெ பூலாஞ்சே மின்கம்பித் திரைகள் இரண்டைக் குண்டு அறுக்கும் கால இடைவெளியை, விழும் தண்டொன்றில் குறிக்கச் செய்தார். மலிவான குரோனோகிராஃப்கள் பல இதே வழியில்தான் இயங்குகின்றன. கம்பிக்குப் பதில் ஒளியுணரிகள், தண்டுக்குப் பதில் படிகக் கடிகாரம். அக்கடிகாரம் மலிவானதாயினும் துல்லியமானது. பிழை பெரும்பாலும் உணரிகளின் இடைவெளியிலும் வெளிச்சத்திலும் நேர்கிறது. உணரிகள் 1 அடி இடைவெளியில் இருக்க, குண்டைக் கண்டுகொள்ளும் இடம் எட்டில் ஒரு அங்குலம் பிசகினால், 3,000 அடி வேகத்தில் ஏறக்குறைய 30 அடி பொய்யாகும். இடைவெளி 2 அடியானால் பிழை பாதியாகும். ஆகவே வாங்குவோர் கேட்க வேண்டியது விலையை அன்று. உணரிகளின் இடைவெளி என்ன, மாறும் வெயிலில் அவை எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையே.

ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கு வந்தார். கோட்டைகளைச் சீரமைப்பது அவர் பணி. இம்மண்ணின் காய்ச்சல் அவரை வாட்டியது. 1751 ஜூலை 29இல் அங்கேயே இறந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைப் பிடித்து இடித்தார். பீரங்கிக் குண்டின் வலிமையை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் காக்க வந்த மதில்களும் நிலைக்கவில்லை. தேவனாம்பட்டினக் கடற்கரைக்குச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அவரை நினைக்கிறோம்?