கிள்ளான் காய்ச்சலும் நுண்ணோக்கியின் விளக்கும்



நுண்ணுயிர்கள் பற்றிய பாடம் வரும் வாரத்தில் எங்கள் அறிவியல் அறையின் அலமாரியிலிருந்து கூட்டு நுண்ணோக்கியை வெளியே எடுப்பது வழக்கம். அடிப்பாகத்தில் மின்கலமும் சிறிய எல்.இ.டி. விளக்கும் பொருத்தப்பட்ட, மின்னேற்றிப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது அது. அறையில் மின்செருகி ஒன்றே ஒன்றுதான். அதுவும் பின்சுவரில் இருக்கிறது. ஆகவே முதல்நாள் மாலையே மின்னேற்றி வைத்துவிடுவேன். மறுநாள் கருவியைச் சன்னலோரமோ, நடுமேசையோ, மாணவர் கூடும் இடம் எதுவாயினும் அங்கே வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீ கெம்பாங்கானில் பிற்பகலில் வானம் இருண்டு மழை கொட்டும் வேளையிலும் பாடம் தடைப்படுவதில்லை.

அதனை இயக்கும் முறை எளியதே. முதலில் மிகக் குறைந்த ஆற்றலுடைய, நான்கு மடங்கு பெருக்கும் பொருளருகு வில்லையை நேராக நிறுத்த வேண்டும். கண்ணாடித் தகட்டை மேடையில் வைத்து, பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே மேடையை வில்லைக்கு அருகில் உயர்த்த வேண்டும். அதன்பின் கண்ணை வைத்து, மேடையை மெல்லக் கீழிறக்கியவாறு உருவத்தைத் தேட வேண்டும். கண்ணை வைத்துக்கொண்டே மேடையை உயர்த்துவோர் கண்ணாடித் தகட்டை உடைப்பர். நானே அவ்வாறு ஒன்றை உடைத்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. உருவம் தெளிந்த பிறகுதான் பத்து மடங்கு, நாற்பது மடங்கு வில்லைகளுக்குச் செல்லலாம். அப்போது நுண்திருகியை மட்டுமே தொட வேண்டும். கண்ணருகு வில்லை பத்து மடங்கு பெருக்குவதால், மொத்தப் பெருக்கம் நானூறு மடங்காகிறது. ஒளியை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு தெளிவு என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நிறமற்ற நுண்ணுயிர்கள் மிகுந்த ஒளியில் கரைந்து மறைந்துபோகும். ஒளித்துளையைச் சற்றே சுருக்கினால்தான் அவற்றின் விளிம்பு கண்ணுக்குப் புலப்படும்.

அன்று குளத்துநீரைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "கரண்ட் இல்லாத காலத்துல எப்படி டீச்சர் பார்த்தாங்க?" என்று கேட்டாள். கண்ணாடி வைத்து வெயில் வெளிச்சத்தைத் திருப்பினார்கள், எண்ணெய் விளக்கை ஏற்றினார்கள் என்று அப்போதைக்குச் சொல்லி முடித்தேன். ஆனால் அக்கேள்வி என்னைச் செக்கந்தராபாத்துக்கும், அங்கிருந்து நம் கிள்ளானுக்கும் இட்டுச் சென்றது.

குளிர்காய்ச்சல் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருகிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் இலவெரான், நோயாளியின் இரத்தத்தில் உயிருள்ள ஒட்டுண்ணியைக் கண்டார். அது மனிதனுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. அதனை விளக்கியவர் இந்திய மருத்துவச் சேவையில் இருந்த ரொனால்டு ராஸ். 1897 ஆகஸ்டு மாதம், செக்கந்தராபாத்தில், உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களைக் கொண்டு கடிக்கவிட்டு, கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா வீதம் கொடுத்தார். பிறகு அக்கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். புழுக்கமோ தாங்க முடியாதது. பங்கா வீசினால் அறுத்த கொசு பறந்துவிடும் என்பதால் அதையும் நிறுத்தி வைத்திருந்தார். நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருவேறின. எஞ்சியிருந்த கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டிருந்தது. அந்தக் கருவியில்தான் ஆகஸ்டு 20ஆம் நாள், புள்ளி இறக்கைக் கொசுவின் இரைப்பைச் சுவரில், மலேரியாக் கிருமிக்கே உரிய கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களை அவர் கண்டார். புத்தம்புதுக் கருவி வேண்டுமென்று மனுப்போடும் எனக்கு இந்தச் செய்தி சற்று வெட்கத்தைத் தந்தது.

நான்கே ஆண்டுகளில் அக்கண்டுபிடிப்பு நம் சிலாங்கூரில் சோதனைக்கு வந்தது. 1900இல் கோலாலம்பூரில் நோய்க்குறியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்கம் அதுவே. 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. சதுப்பு நிலத்தை வெட்டி எழுப்பிய அத்துறைமுகத்தில் தொழிலாளரும் அலுவலரும் காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தையே மூட வேண்டிய நிலை நெருங்கியது. வாட்சன் காடழித்து, சதுப்பு நீரை வடிகால் வெட்டி வெளியேற்றப் பரிந்துரைத்தார். பணிகள் நடந்தேறின.

கணக்கைப் பாருங்கள். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சேர்த்து 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902இல் 59 பேர். 1903இல் 46 பேர். பிற நோய்களால் நேர்ந்த இறப்பும் 214இலிருந்து 85ஆகக் குறைந்தது. காய்ச்சலால் நலிந்த உடல் வேறு நோய்க்கும் எளிதில் இரையாகிறது என்பதை இது காட்டுகிறது.

ஆனால் இவை நகரத்தின் கணக்கு. இரப்பர்த் தோட்டங்களில் நிலைமை வேறாக இருந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், காட்டை அழித்துக் கன்று நட்ட முதல் சில ஆண்டுகளிலேயே கூட்டம் கூட்டமாக மாண்டனர். என் பாட்டி கொய்னா என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபின் டிரெசர் அந்தக் கசப்பு மருந்தைத் தம் கண்முன்னே விழுங்க வைப்பாராம். அரசுப் பணியிலிருந்து விலகிய வாட்சன் தோட்டங்களின் மருத்துவராகி, லயங்களில் வாழ்ந்த சிறுவர் சிறுமியரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்தார். நம் ஊர்ப் பேச்சில் காய்ச்சல் கட்டி என்பார்களே, அதுதான் அந்த வீக்கம். எந்தத் தோட்டத்தில் எத்தனை குழந்தைகளுக்குக் கட்டி இருந்ததோ, அதுவே அத்தோட்டத்தின் மலேரியா அளவு. நம் பாட்டன் பாட்டிமாரின் குழந்தை வயிறுதான் அந்த அறிவியலின் அளவுகோலாக இருந்திருக்கிறது.

இங்குதான் ஒரு புதிர் எழுந்தது. கடலோரச் சமவெளியில் காடழித்து வடிகால் வெட்டியதும் நோய் தணிந்தது. அதையே மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது நோய் தணியவில்லை, பெருகியது! விடை கொசுவிடம் இருந்தது. சமவெளியில் நோய் பரப்பியது நிழலில் தேங்கிய காட்டுநீரை விரும்பும் அனோபிலிஸ் அம்ப்ரோசஸ். குன்றுகளில் நோய் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடும் அனோபிலிஸ் மாகுலேட்டஸ். மரத்தை வெட்டியபோது முதற்கொசுவின் வீடு அழிந்தது. இரண்டாம் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. இறக்கையின் புள்ளிகளையும் காலின் வெண்பட்டைகளையும், கூத்தாடியின் மயிர்களையும் வில்லையின்கீழ் வைத்து ஒப்பிட்டவர்களுக்கே இவ்வேறுபாடு புலப்பட்டது. வெறுங்கண்ணுக்குக் கொசு கொசுதான்.

ஆகவே குன்றுத் தோட்டங்களில் ஓடைகளைக் குழாயிட்டு நிலத்துக்கடியில் மறைத்தனர். அது இயலாத இடங்களில் நீரின்மேல் எண்ணெய் தெளித்தனர். 1911இல் மலாய் கூட்டரசு மாநிலங்களில் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. வாட்சனின் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. அவர் பணியாற்றிய தோட்டங்களுள் ஒன்று சீபீல்டு. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பூச்சோங் வழியாகச் சென்றால், இன்று சுபாங் ஜெயாவின் வீடமைப்புப் பகுதிகளாகப் பரந்திருக்கும் நிலம் அது. தோட்டம் மறைந்துவிட்டது, பெயரைத் தமிழ்ப்பள்ளி சுமந்து நிற்கிறது.

நகரத்துக்கு 1901இலேயே கிடைத்த வடிகால், லயத்துக்கு வர ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? கொசு வேறு என்பது ஒரு பாதி விடை. மற்றப் பாதி செலவுக் கணக்கு. துறைமுகம் மூடப்பட்டால் எவ்வளவு நட்டம் என்பது உடனே தெரியும். இறந்த கூலிக்குப் பதில் அடுத்த கப்பலில் வேறொருவர் வருவார் என்று எண்ணியிருந்த காலம் அது. வாட்சனைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நுண்ணோக்கிக்கும் எல்லை உண்டு. போர்னியோவில் குரங்கிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோலெசி வகை மலேரியா, வில்லையின்கீழ் வேறொரு வகையைப் போலவே தோன்றும். சரவாக்கின் காப்பிட் பகுதியில் அவ்வாறு தவறாக அறியப்பட்ட நோயாளிகள் பலர் என்பதை மரபணுச் சோதனை மூலம் பல்பீர் சிங் குழுவினர் 2004இல் வெளியிட்டனர். மனித மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று 2018 முதல் நம் நாட்டில் பதிவாகவில்லை. நோலெசி மட்டும் தொடர்கிறது.

மறுவாரம் அம்மாணவியும் அவள் தோழியரும் பள்ளிக்குப் பின்புறச் சாக்கடையிலிருந்து ஒரு குப்பியில் கூத்தாடிகளைப் பிடித்து வந்தனர். எங்கள் கருவியின் நானூறு மடங்கில் மலேரியாக் கிருமியை நன்கு பார்க்க இயலாது. அதற்கு எண்ணெய் இட்டுப் பார்க்கும் நூறு மடங்கு வில்லை வேண்டும். கூத்தாடியைப் பார்க்கவோ நான்கு மடங்கு வில்லையே போதும். அனோபிலிஸ் கூத்தாடி நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாக மிதக்கும். மற்றவை மூச்சுக்குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். குப்பியை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார்கள். பதினொன்று. அனைத்தும் தலைகீழாகத் தொங்கின.