சின்செக்யே (திரைப்படம்)

சின்செக்யே, 2013 பிப்ரவரி 21 அன்று தென்கொரியாவில் வெளியான கொரிய மொழிக் குற்றத் திரைப்படம். 'புதிய உலகம்' என்பது பெயரின் பொருள். எழுதி இயக்கியவர் பாக் ஹூன்-ஜங். ரவுடிக் கூட்டமொன்றில் எட்டு ஆண்டுகள் உளவாளியாக வாழும் போலீஸ்காரர் ஒருவரின் கதை இது. கொரிய நியோ-நுவார் படங்களைப் பற்றிய பேச்சில் தவிர்க்க முடியாத பெயராக நிலைத்துவிட்டது.

பின்னணி

1990 அக்டோபர் 13 அன்று தென்கொரிய அதிபர் ரோ தே-வூ 'குற்றத்தின் மீதான போர்' அறிவித்தார். கூட்டத் தலைவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். அந்தக் காலத்தை யூன் ஜோங்-பின் இயக்கிய 'நேம்லெஸ் கேங்ஸ்டர்' (2012) படமாக்கியது. சின்செக்யே காட்டுவது அதற்கு அடுத்த கட்டத்தை. இங்கே அடியாட்கள் கோட்டு சூட்டு அணிகிறார்கள். பல கூட்டங்கள் இணைந்து 'கோல்ட்மூன்' என்ற பெரிய நிறுவனமாகிவிட்டன. அதன் தலைவர் நாற்காலி யாருக்கு என்பதுதான் சண்டை.

உருவாக்கம்

பாக் ஹூன்-ஜங் முதலில் திரைக்கதை ஆசிரியராக அறியப்பட்டவர். 2010இல் வெளியான 'ஐ சா த டெவில்', 'தி அன்ஜஸ்ட்' இரண்டும் அவர் எழுதியவை. சட்டத்தைக் காப்பவனே அதை வளைக்கும் கதை அவருக்கு அப்போதே வசப்பட்டிருந்தது. இயக்குநராக அவருக்கு இது இரண்டாவது படம்.

கதை

கோல்ட்மூன் தலைவர் கார் விபத்தில் இறக்கிறார். அடுத்த தலைவர் தங்கள் கைக்கு அடங்கியவராக இருக்கவேண்டும் என்று போலீஸ் அதிகாரி காங் (சோய் மின்-சிக்) திட்டமிடுகிறார். திட்டத்தின் பெயரே 'புதிய உலகம்'. பதவிக்குப் போட்டியிடுபவர்கள் ஜங் சோங் (ஹ்வாங் ஜங்-மின்), லீ ஜூங்-கு (பாக் சுங்-வூங்) இருவர். ஜங் சோங்கின் வலக்கையான லீ ஜா-சுங் (லீ ஜங்-ஜே)தான் உளவாளி. வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவன் கெஞ்சுகிறான். காங் விடுவதாக இல்லை. அவனுடைய மனைவியைக்கூட அவனைக் கண்காணிக்க வைத்திருக்கிறார்.

ஜங் சோங்கும் ஜா-சுங்கும் கொரியாவில் வாழும் சீன வம்சாவளியினர். பல தலைமுறை ஆகியும் அங்கே வெளியாராகவே பார்க்கப்படும் மக்கள். ஜங் சோங், ஜா-சுங்கை 'பிரதர்' என்றே அழைக்கிறான். ஜா-சுங் போலீஸ் என்று தெரிந்த பிறகும் அவனைக் கொல்லவில்லை. கார் நிறுத்துமிடத்திலும் லிப்டுக்குள்ளும் நடக்கும் கத்திச் சண்டையில் படுகாயமடைந்த ஜங் சோங், சாகும் தறுவாயிலும் ஜா-சுங் பிழைக்க வழி சொல்லிவிட்டே கண்மூடுகிறான். அதன்பின் ஜா-சுங் தன் மேலதிகாரிகளைக் கொல்லச் செய்து, தன் போலீஸ் அடையாளத்தை எரித்து, தலைவர் நாற்காலியில் அமர்கிறான்.

மதிப்பீடு

போலீஸுக்குள்ளும் ரவுடிகளுக்குள்ளும் உளவாளிகள் என்ற கருவை ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) முன்பே கையாண்டிருந்தது. சின்செக்யேயின் தனிச்சிறப்பு விசுவாசத்தை இடம்மாற்றியதில் இருக்கிறது. சட்டத்தின் பக்கம் நிற்பவர் ஜா-சுங்கைச் சதுரங்கக் காயாக நகர்த்துகிறார். அவனை மனிதனாக மதித்தவன் கொலைகாரன். இந்த முரணைப் பார்வையாளரின் மனத்தில் இறக்கியது ஹ்வாங் ஜங்-மினின் நடிப்பு. 2013ஆம் ஆண்டின் கொரிய ப்ளூ டிராகன் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது.

தாக்கம்

கொரியத் திரையரங்குகளில் 46 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படத்தைப் பார்த்தனர். லீ ஜங்-ஜேயும் ஹ்வாங் ஜங்-மினும் 'டெலிவர் அஸ் ஃப்ரம் ஈவில்' (2020) படத்தில் எதிரிகளாக மீண்டும் சந்தித்தார்கள். இயக்குநர் 'நைட் இன் பாரடைஸ்' (2020) மூலம் ரவுடி உலகுக்குத் திரும்பினார்.

படம் முடிவது தலைவர் நாற்காலியில் அல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய யோசு துறைமுக நகரத்தில். இளைஞர்களான ஜங் சோங்கும் ஜா-சுங்கும் அடிதடிக்குப் போய்வருகிறார்கள்; ஜா-சுங் சிரிக்கிறான். படத்தில் அவன் மனம்விட்டுச் சிரிப்பது அங்கே மட்டும்தான்.