விரல் கிழங்கும் கண்வலிப் பூவும்

மழை விட்டதும் வேலி ஓரமா செவப்பும் மஞ்சளுமா நெருப்பு பிடிச்ச மாதிரி பூத்து நிக்குமே, அந்த கண்வலிப் பூவைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கூடவே, நம்ம ஊர்ல வளரவே வளராத ஒரு சின்ன கிழங்குப் பூவைப் பத்தியும் சொல்லப் போறேன். அதுக்குப் பேர் ஐரிஸ். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஒரு விரல் தான் சம்பந்தம். கடைசியில கதை நம்ம ஆரணி பட்டு வரைக்கும் வந்து நிக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல பேர்ல இருந்து ஆரம்பிப்போம். சங்க காலத்துல இதுக்கு காந்தள்னு பேர். குறிஞ்சிப்பாட்டுல கபிலர் தொண்ணூத்தொம்பது பூவை வரிசையா சொல்றார்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அந்த வரிசையில மொத பூவே செங்காந்தள் தான். இன்னிக்கு தமிழ்நாட்டோட மாநிலப் பூவும் அதுதான். ஈழத்துல கார்த்திகைப்பூன்னு சொல்றாங்க, கார்த்திகை மாசத்துல பூக்கறதால. உழவன் வெச்ச பேர் கலப்பைக்கிழங்கு. தோண்டிப் பாத்தா கிழங்கு ரெண்டா கவுட்டை மாதிரி பிரிஞ்சி, வளைஞ்சி, ஏர் கலப்பை கணக்கா இருக்கும். சமஸ்கிருதத்துலயும் லாங்கலின்னு பேர், அதுக்கும் கலப்பைன்னு தான் அர்த்தம். பூவையே பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு வலிக்கும்னு ஊர்ல சொல்லுவாங்க. குழந்தைங்க கை வைக்காம இருக்க பெரியவங்க கட்டின வேலி அந்தப் பேர்னு எனக்குத் தோணுது. ஏன்னா இது முழுக்க முழுக்க விஷம். கிழங்கு, விதை, தண்டு, பூ எல்லாமே.

இன்னொரு பழைய பேரும் இருக்கு, தோன்றி. தமிழ்ல "ன்றி"ன்னு வர்றது மலையாளத்துல "ன்னி"ன்னு ஆகும். நம்ம கன்று அங்க கன்னு, நம்ம ஒன்று அங்க ஒன்னு. அதே மாதிரி தோன்றி அங்க மேந்தோன்னி ஆச்சு. 1678-ல இருந்து 1693 வரைக்கும் டச்சுக்காரரு வான் ரீடு "ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்"ன்னு பன்னெண்டு பாகமா மலபார் செடிங்களப் பத்தி புத்தகம் போட்டார். அதுக்கு செடியோட பேரையும் குணத்தையும் சொல்லிக் கொடுத்தவங்கள்ல இட்டி அச்சுதன்ங்கற ஈழவ வைத்தியரும் ஒருத்தர். அந்தப் புத்தகத்துல இந்தச் செடி "மெந்தோனி"ன்னு வருது. அதைப் பிடிச்சி ஐரோப்பாக்காரங்க "மெத்தோனிகா"ன்னு கூப்பிட்டாங்க. அதாவது நம்ம காட்டு மூலையில சொன்ன ஒரு சொல்லு, கொஞ்ச காலம் ஐரோப்பா தாவர இயல் புத்தகத்துல குடி இருந்துச்சி. அப்புறம் 1753-ல சுவீடன் நாட்டு லின்னேயஸ் வந்து "குளோரியோசா சுபெர்பா"ன்னு மாத்தி எழுதிட்டார். பெருமை, அழகு, கம்பீரம்னு அர்த்தம் வர்ற பேர். நல்ல பேர் தான். ஆனா அதுல கலப்பையும் இல்ல, நம்ம தோன்றியும் இல்ல.

இப்ப ஐரிஸுக்கு வருவோம்.

கிழங்குன்னு நாம பொதுவா சொல்றதுல பல ஜாதி இருக்கு. வெங்காயம் மாதிரி ஏடு ஏடா இருக்கறது ஒரு வகை. சேனைக்கிழங்கு மாதிரி உள்ள கெட்டியா இருக்கறது இன்னொண்ணு. ஐரிஸ்ல பெரும்பாலானது மஞ்சள், இஞ்சி மாதிரி தரையோட படர்ற கிழங்கு தான். ஆனா சிலது வெங்காயம் மாதிரி குமிழ் போடும், நான் சொல்லப் போறது அதுல ஒரு சின்னக் கூட்டம். துருக்கி, காகசஸ், ஈரான் மலைங்கள்ல பனி உருகுற நேரத்துல, தரையில இருந்து ஒரு சாண் கூட எழும்பாம, ஊதாவும் நீலமுமா பூக்கும். அதுல பேர் போனது ஐரிஸ் ரெட்டிகுலாட்டா. ரெட்டிகுலாட்டான்னா வலைன்னு அர்த்தம். குமிழ் மேல இருக்கற தோல், நார் நாரா பின்னி மீன்வலை மாதிரி இருக்கும். குளிர் காலத்துல நல்லா குளிரணும், கோடையில தண்ணியே படாம காய்ஞ்சி கிடக்கணும், அப்பதான் அது அடுத்த வருஷம் பூக்கும். நம்ம ஆரணி வெயில்ல எதிர்பார்க்கவே முடியாது. ஐரிஸ் குடும்பத்துல நமக்குத் தெரிஞ்ச சொந்தக்காரங்க ரெண்டு பேர்: பூக்கடையில நீட்டமா நிக்கற கிளாடியோலஸ், அப்புறம் காஷ்மீர் குங்குமப்பூ.

இந்த குட்டை ஐரிஸ் கூட்டத்துக்கு தாவர இயல்ல வெச்ச பேர் "ஹெர்மோடாக்டிலாய்டெஸ்". வாயில நுழையாத பேர் தான், ஆனா அதுக்குள்ள ஒரு கதை இருக்கு. ஹெர்மஸ்ங்கறது கிரேக்க சாமி. டாக்டிலோஸ்னா விரல். ஹெர்மஸ் சாமியோட விரல்! கிழங்கு விரல் மாதிரி இருக்கற ஐரிஸ் டியூபரோசான்னு ஒண்ணு மத்தியதரைக்கடல் பக்கம் உண்டு, அதுக்கு ஒட்டின பேர் இது. ஆனா அந்தப் பேருக்கு உண்மையான சொந்தக்காரன் வேற ஒருத்தன். ஆறாம் நூற்றாண்டுல டிரால்லஸ் ஊர் அலெக்சாண்டர்னு ஒரு வைத்தியர், கால் பெருவிரல் வீங்கி உசிர் போற மாதிரி வலிக்குமே, இப்ப யூரிக் ஆசிட்னு சொல்றோமே, அந்த நோய்க்கு "ஹெர்மோடாக்டில்" கொடுக்கலாம்னு எழுதி வெச்சார். அந்தக் கிழங்கு ஐரிஸ் இல்ல, கோல்சிகம்னு ஒரு செடி. நாட்டு மருந்துக் கடையில, யுனானிக்காரங்க கிட்ட சூரிஞ்சான்னு கேட்டா கிடைக்குமே, அதோட குடும்பம் தான். காஷ்மீர் மலையிலயும் மஞ்சள் பூ பூக்கற ஒரு கோல்சிகம் உண்டு.

ஆக ஒரே பேர், ரெண்டு கிழங்கு. ஒண்ணு மருந்தும் விஷமும், இன்னொண்ணு அலங்காரப் பூ. பேர் மாறிப் போனா என்ன ஆகும்னு ஐரோப்பாவுல நிறைய பட்டிருக்காங்க. கோல்சிகம் பூவு குங்குமப்பூ மாதிரியே இருக்கும், இலைய காட்டுப் பூண்டு இலைன்னு நெனச்சி சமைச்சி சாப்பிட்டு செத்தவங்களும் உண்டு.

இதைப் பிரிச்சிப் பாக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு, பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கூட சொல்லித் தரலாம். பூவுக்குள்ள மகரந்தத் தாளை எண்ணுங்க. குங்குமப்பூ, ஐரிஸ், கிளாடியோலஸ், இந்தக் குடும்பத்துக்கு மூணு தான். கோல்சிகத்துக்கு ஆறு. இப்ப நம்ம கண்வலிப் பூவை தூரத்துல இருந்தே எண்ணிப் பாருங்க. இதழ் எல்லாம் பின்னாடி மடங்கி இருக்கறதால தெளிவா தெரியும், ஆறு!

ஆமாங்க. காந்தளும் கோல்சிகமும் ஒரே குடும்பம். ரொம்ப நாளா அல்லி-லில்லி குடும்பத்துல சேர்த்து வெச்சிருந்தாங்க, இப்ப கோல்சிகம் பேராலயே தனிக் குடும்பமா பிரிச்சிட்டாங்க. அங்க கிரேக்கர்கள் அந்தக் கிழங்கைப் பாத்து சாமி விரல்னு சொன்னாங்க. இங்க நம்ம பழைய புலவர்கள் காந்தள் பூவைப் பாத்து பொண்ணோட விரல்னு சொன்னாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே ரெண்டு பேரும் விரலைத் தான் நெனச்சிருக்காங்க.

உறவு பேர்ல மட்டும் இல்ல, விஷத்துலயும் இருந்துச்சி. 1820-ல பிரான்சுல பெல்லெடியே, கவான்டூன்னு ரெண்டு வேதியியல்காரங்க கோல்சிகத்துல இருந்து ஒரு சரக்கைப் பிரிச்சி எடுத்தாங்க. அதுதான் கோல்சிசின். 1915-ல நம்ம கலப்பைக்கிழங்கை ஆராய்ச்சி பண்ணினப்ப அதுலயும் அதே கோல்சிசின் இருக்குன்னு தெரிஞ்சது. இன்னிக்கும் யூரிக் ஆசிட் வலிக்கு டாக்டர் எழுதித் தர்ற மாத்திரை அதுதான்.

சரி, பட்டு எங்க வந்துச்சின்னு கேக்கறீங்களா?

ஒரு உயிரணு ரெண்டா பிரியும்போது உள்ள இருக்கற குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்கறதுக்கு நூல் மாதிரி இழைங்க உண்டு. புத்தகத்துல கதிர்கோல் இழைன்னு போட்டிருக்கும். தறிக்காரங்களுக்கு கதிர்னா நூல் சுத்தறது, அந்த உருவத்தை வெச்சித் தான் பேரும். கோல்சிசின் அந்த நூலைக் கட்ட விடாது. பாவு இழை ஓடாம தறி நின்னு போற மாதிரி எல்லாம் அப்படியே நின்னுடும். குரோமோசோம் ரெட்டிப்பாகிடும், ஆனா பிரியாது. மனுஷன் உடம்புல அளவு மீறினா அதனால தான் சாவு வருது. ஆனா செடியோட குருத்துல பக்குவமா வெச்சா, ரெட்டை மடங்கு குரோமோசோமோட ஒரு புதுச் செடி கிடைக்கும். 1937-ல அமெரிக்காவுல பிளேக்ஸ்லீயும் ஏவரியும் இதை செஞ்சி காட்டினாங்க. அவங்க எடுத்த செடி எதுன்னா, நம்ம ரோட்டோரம் கிடக்கற ஊமத்தை இனம். விதையில்லா தர்பூசணி வந்ததும் இந்த வழியில தான், ஜப்பான்ல கிஹாராங்கற விஞ்ஞானி பண்ணது.

மல்பெரிக்கு சாதாரணமா 28 குரோமோசோம். கோல்சிசின் வெச்சி அதை 56 ஆக்கலாம். அந்த 56-ஐயும் 28-ஐயும் சேர்த்தா 42 உள்ள மும்மடியச் செடி வரும். அதுல பல செடி இலை பெருசா, தடிப்பா இருக்கும். புழுவுக்கு வேண்டியது இலை தானே, விதை இல்லையே! இதனால ஜப்பான்லயும் நம்ம நாட்டுலயும் மல்பெரி ஆராய்ச்சியில கோல்சிசின் ஒரு முக்கியமான கருவி ஆச்சு. நம்ம நாட்டுல கிழக்குப் பக்கம் பரவலா போடற எஸ்-1635 மும்மடிய ரகம் தான். எல்லா மல்பெரி ரகமும் கோல்சிசின்ல வந்துச்சின்னு நான் சொல்லல. ஆரணி தறியில ஓடற நூல் பெரும்பாலும் கர்நாடகா பக்கத்துல இருந்து வருது, அது எந்த ரக இலையைத் தின்ன புழுவோ. ஆனா இலையைப் பெருக்கற வித்தைக்குப் பின்னாடி வேலி ஓரத்து விஷக்கிழங்கோட சரக்கு இருக்குங்கறது நம்ம ஊர்ல நெய்யறவங்களுக்கும் தெரியணும், உழறவங்களுக்கும் தெரியணும்.

இப்ப உழவன் கணக்குக்கு வருவோம். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பக்கம் இதை கொல்லையில பயிராவே வெக்கறாங்க. ஆடி மழைக்கு கிழங்கு ஊனி, ஏறறதுக்கு கம்பி கட்டி, ஆறு மாசம் பாக்கணும். பூவோட சூல் தண்டு பக்கவாட்டுல மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிக்கும், தானா காய் பிடிக்கறது கம்மி. அதனால காலையில ஆளுங்க ஒவ்வொரு பூவா மகரந்தத்தைத் தொட்டு வெக்கணும். அத்தனை பாடுபட்டு எடுக்கற விதை வெளிநாட்டு மருந்து கம்பெனிக்குப் போகுது. வாங்கற வியாபாரி சில பேர் தான், ஒரு வருஷம் விலை ஏறும், மறுவருஷம் படுத்துடும். விக்கலைன்னா நெல்லு, மல்லாட்டை மாதிரி வீட்டுல வெச்சி தின்ன முடியாது. 2009-ல அமெரிக்காவுல ஒரு கம்பெனிக்கு தனி உரிமை கிடைச்சதும், ஒம்போது சென்ட்டுக்கு வித்துக்கிட்டு இருந்த கோல்சிசின் மாத்திரை கிட்டத்தட்ட அஞ்சு டாலர் ஆச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல மனுஷனுக்குத் தெரிஞ்ச மருந்து அது. பூவைத் தொட்டுத் தொட்டு காய் பிடிக்க வெச்ச கைக்கு அதுல என்ன வந்துச்சி?

நம்ம பக்கத்துல யாராவது போடலாமான்னு கேட்டா என் பதில் இதுதான்: யார் வாங்குவாங்க, எந்த விலைக்குன்னு கையில எழுத்தா வராம கிழங்கை ஊனாதீங்க. ஜவ்வாது மலை அடிவாரத்துலயோ ஏரிக்கரையிலயோ தானா முளைச்சதை காசுக்கு ஆசைப்பட்டு தோண்டாதீங்க, கிழங்கை எடுத்தா அந்த இடத்துல அது அத்தோட சரி. உயிர் வேலியை அழிச்சி கம்பி வேலி போடும்போது காந்தளுக்கு ஏற கொம்பு இல்லாம போயிடுது, அதையும் கவனிங்க. மாநிலப் பூவை படத்துல மட்டும் பாக்கற நிலைமை நமக்கு வேணாம்.

முக்கியமா இன்னொண்ணு. இந்தக் கிழங்கை சர்க்கரைவள்ளின்னு நெனச்சி அவிச்சி சாப்பிட்டவங்க இலங்கையில உண்டு. முதல்ல வாந்தி, பேதி. பொழைச்சவங்களுக்கும் ஒண்ணு ரெண்டு வாரத்துல முடி கொத்து கொத்தா கொட்டும். இதுக்கு கைவசம் மாத்து மருந்து கிடையாது. யாராவது தெரியாம தின்னுட்டா கை வைத்தியம் பாக்காம, நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் காத்திருக்காம, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போங்க. தின்ன கிழங்குல மிச்சம் இருந்தா அதையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.

உங்க ஊர் வேலியில இன்னும் காந்தள் இருக்கா? பசங்களைக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க. தொடாம, தள்ளி நின்னு, ஆறு வரைக்கும் எண்ணச் சொல்லுங்க.