உந்தமும் இயக்க ஆற்றலும்: ஒரு நெடிய வழக்கின் வரலாறு

நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல். பாடநூல்களில் அமைதியாக இடம்பெற்றிருக்கும் இவ்விரு அளவுகளின் பொருட்டு ஐரோப்பிய அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழக்காடினர். ‘ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு?’ எனக் குழம்பும் மாணவர், அவ்வழக்கின் மையக் கேள்வியையே எழுப்புகிறார்.

உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறாதது என்று தெக்கார்ட் 1644இல் எழுதினார். பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவதே அவர் கொண்ட அளவு. திசையை அவர் கணக்கிற் கொள்ளவில்லை. 1686இல் லைப்னிட்ஸ் இதனை மறுத்தார். 1 பவுண்டு எடையை 4 முழம் உயர்த்துவதற்கும் 4 பவுண்டு எடையை 1 முழம் உயர்த்துவதற்கும் வேண்டிய உழைப்பு ஒன்றே. அவ்வுயரங்களிலிருந்து அவை விழுந்தால், கலிலியோ கண்ட விதிப்படி, முன்னது பின்னதைப்போல் இருமடங்கு வேகம் பெறும். தெக்கார்ட்டின் அளவுப்படி முன்னதற்கு 2, பின்னதற்கு 4, இரண்டும் சமமில்லை. வேகத்தின் இருமடியைக் கொண்டால் இரண்டுக்கும் 4. இவ்வளவையே லைப்னிட்ஸ் ‘உயிருள்ள விசை’ என்றார்.

வாதம் சோதனைக்கு வந்தது. லைடன் நகரப் பேராசிரியர் கிராவெசாண்டே, ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் கொண்ட உலோகக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச்செய்து, முடிவுகளை 1722இல் வெளியிட்டார். எடை கூடிய அளவுக்கு உயரத்தைக் குறைத்தபோது பள்ளங்கள் சமமாயின. விழும் உயரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், சோதனை லைப்னிட்ஸின் பக்கம் நின்றது. முன்பு எதிரணியிலிருந்த கிராவெசாண்டே தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இச்சோதனையை எமிலி து ஷாத்தலேயின் பெயரால் பகிரும் பதிவுகள் பல உலவுகின்றன. அவர் பெருமைக்கு அந்த இரவல் தேவையில்லை. நியூட்டனைப் போற்றிய அவர், நியூட்டன் அணியினர் பெரும்பாலும் ஏற்காத லைப்னிட்ஸின் அளவைத் தம் 1740ஆம் ஆண்டு நூலில் ஏற்றார். அதிலேயே மைரானின் எதிர்வாதத்தையும் மறுத்தார். பாரிஸ் அறிவியல் அகாதெமியின் செயலராக இருந்த மைரான் 1741இல் அச்சில் விடையளிக்க, து ஷாத்தலேயும் அச்சிலேயே எதிர்விடை தந்தார். பெண்களுக்கு உறுப்புரிமை மறுத்த அகாதெமியின் செயலர், பொதுவில் ஒரு பெண்ணுக்கு விடை சொல்ல நேர்ந்தது. து ஷாத்தலே 1749இல் மகப்பேற்றை அடுத்து மறைந்தார். நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’வுக்கு அவர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1759இல் முழுமையாக வெளிவந்தது.

இதற்கிடையே 1743இல் தலம்பேர், இவ்வழக்கு வெறும் சொற்போர் என்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் அச்சொற்களுக்குள் இருவேறு இயற்பியல் அளவுகள் மறைந்திருந்தன. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அதே தடுப்பு விசையில் நிற்க இருமடங்கு நேரமும் நான்கு மடங்கு தூரமும் பிடிக்கும். விசையை நேரத்தோடு சேர்த்து அளந்தால் உந்தமும், தூரத்தோடு சேர்த்து அளந்தால் இயக்க ஆற்றலும் கிடைக்கின்றன. திசையையும் சேர்த்துக்கொண்டால், புறவிசையற்ற மோதலில் உந்தம் மாறுவதில்லை. ஆற்றலோ, களிமண்ணில் குண்டு நின்றபின்னும், பள்ளத்திலும் வெப்பத்திலும் தொடர்கிறது.

‘ஆற்றல்’ என்னும் சொல்லை இப்பொருளில் தாமஸ் யங் கையாண்ட விரிவுரைகள் 1807இல் வெளியாயின. பொறிகள் செய்யும் வேலையைக் கணக்கிட்ட கொரியோலிஸ் 1829இல் ‘பாதி’யைச் சேர்த்தார். லைப்னிட்ஸின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 143 ஆண்டுகள்.

வாய்பாட்டைத் தருமுன் இக்கேள்வியை வகுப்பில் எழவிடுவது காலவிரயம் ஆகாது. எதனோடு சேர்த்து அளக்கிறோம் என்பதை மறந்ததால் பேரறிஞர்களும் இடறிய இடம் இது. அங்கு ஒரு மாணவர் தயங்கி நின்றால், அதனை அறியாமை எனக் கொள்ள வேண்டியதில்லை.