யாருடைய இடர், யாருடைய நட்டம்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு முதலாளிகள்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தெருக்களில் ஏறிய தண்ணீர் பல நாள் வடியவில்லை. ஒரு பட்டறைக்குள் முழங்காலளவு நீர் புகுந்தால் போதும். சிஎன்சி இயந்திரத்தின் சர்வோ மோட்டார், கூலன்ட் பம்பு, மின்பலகை என்று கீழ்ப்பகுதியில் இருப்பதெல்லாம் பாழாகும். பழைய லேத்தைக் கழற்றித் துடைத்து, மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டி ஓட்டிவிடலாம். கணினியால் இயங்கும் இயந்திரத்துக்கு அந்த வைத்தியம் செல்லாது. கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் வரும்வரை காத்திருக்க வேண்டும். டிரைவ், கார்டு போன்றவை பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. அந்த வாரங்களிலும் வங்கித் தவணை நிற்பதில்லை, ஆட்களின் சம்பளம் நிற்பதில்லை, மின்வாரியத்தின் நிலைக் கட்டணமும் நிற்பதில்லை.

சென்னைப் புறநகரின் சிறுதொழில்களைப் பற்றிப் பேசும்போது வெள்ளம், மின்கட்டணம், பில் பணத் தாமதம், ஆள் பற்றாக்குறை, சாலை என்று குறைகளைத் தனித்தனியாக அடுக்குவது வழக்கம். மனுக்களும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைக்குப் போய்ச் சேர்கிறது. இக்கட்டுரை அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிறது. பெரிய வாங்குநர், மின்வாரியம், நகர நிர்வாகம் ஆகிய மூவரும் தாங்கள் ஏற்க வேண்டிய இடரையும் காத்திருப்பையும் பேரம் பேச வலுவில்லாதவரிடம் தள்ளுகிறார்கள். அது வந்து இறங்கும் இடம் சிறு பட்டறை. பட்டறையும் தாங்க முடியாதபோது அது இன்னும் கீழே, ஒப்பந்தத் தொழிலாளியிடம் போகிறது.

அம்பத்தூர் தானாக முளைத்த தொழில்நகரம் அல்ல. டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டு இங்கே ஆலை அமைத்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை எழுந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. எண்ணூரில் அசோக் லேலண்ட். காமராஜர் அமைச்சரவையில் தொழில்துறையைக் கவனித்த ஆர். வெங்கட்ராமன் காலத்தில், 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. தொடர்ந்து 1960களில் அதைவிட மிகப் பெரிய பரப்பில் அம்பத்தூர்ப் பேட்டை. பெரிய ஆலைக்குப் பக்கத்திலேயே அதற்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை இருக்கட்டும், நிலத்தையும் சாலையையும் மின்சாரத்தையும் அரசு கொடுக்கட்டும் என்பதே அந்தத் திட்டத்தின் கருத்து. டர்னராகவோ ஃபிட்டராகவோ ஆலையில் வேலை பார்த்தவர் இரண்டு லேத்தோடு தனியாகத் தொழில் தொடங்கியது இந்த ஏற்பாட்டால்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் அப்படி வளர்ந்தன.

அந்த ஏற்பாட்டின் ஒரு கால் 1990களின் பிற்பகுதியில் இடம் மாறியது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஃபோர்டு மறைமலை நகருக்கும் வந்தன. பின்னர் ஒரகடம் எழுந்தது. வாங்குபவர் தூரமானார். விலையை முடிவு செய்யும் மேசை இன்னும் தூரமானது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, அந்த முடிவில் எந்தக் குரலும் இல்லாத உதிரிபாகப் பட்டறைகள் ஆர்டரை இழந்தன. பேட்டைக்குள்ளேயே பழைய ஆலை மனைகளில் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் எழும்பின. நிலமதிப்பும் வாடகையும் ஏறின. சொந்த மனை இல்லாமல் வாடகைக் கொட்டகையில் ஓட்டுபவர்கள்தான் அந்த ஏற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள்.

வெள்ளத்துக்குத் திரும்பலாம். பேட்டைக்கு ஒரு பக்கம் அம்பத்தூர் ஏரி, மறுபக்கம் கொரட்டூர் ஏரி. ஒன்றின் உபரி மற்றொன்றுக்குப் போகும் வழியில்தான் தொழிற்பேட்டை அமர்ந்திருக்கிறது. நீர்வழி சுருங்கினாலோ தூர்ந்தாலோ தண்ணீர் தெருவையும் ஷட்டரையும் வழியாக்கிக்கொள்ளும். இதற்கான பொறுப்போ பிரிந்து கிடக்கிறது: ஏரி நீர்வளத் துறையிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், மனை ஒதுக்கீடு அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவிடம், பிரதான சாலையான திருவள்ளூர் நெடுஞ்சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது இந்தப் பிரிவினை தீரும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் இருந்தன. அந்த இடைவெளியில் முழு நீர்வழிக்கும் ஒரே பொறுப்பாளர் வரவில்லை. 2022இல் சொத்து வரி உயர்ந்தது. வரி உயர்வைத் தவறென்று சொல்ல முடியாது. நகரத்துக்குப் பணம் வேண்டும். வரி வாங்கும் நிர்வாகம் வெள்ளத்தில் தன் பங்கை ஏற்காததே குறை.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையில் கிடக்கும் வார்ப்புகளும் ராடுகளும் பெரும்பாலும் பட்டறைக்காரருடையவை அல்ல. வாங்குநர் டெலிவரி சலானில் அனுப்பிவைத்தவை. வெள்ளத்தில் அவை துருப்பிடித்தால், சரக்கின் விலைக்கு டெபிட் நோட் பட்டறையின் பெயரில் வரக்கூடும். வங்கி வற்புறுத்தி எடுக்க வைத்த காப்பீடு அடமான இயந்திரத்தை மட்டும் காக்கும். அடுத்தவர் சரக்கைக் காக்காமல் போகலாம். வேலை நின்ற நாட்களின் வருமான இழப்புக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். மழை எல்லோருக்கும் ஒன்றாகத்தான் பெய்கிறது. நட்டக் கணக்கு மட்டும் ஒருவரிடம் வந்து முடிகிறது.

மின்கட்டணத்திலும் இதே போக்குதான். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் திருத்தப்பட்டபோது யூனிட் விலையைவிடச் சிறுதொழில்களை அதிகம் உலுக்கியது நிலைக் கட்டணம். தாழ்வழுத்த இணைப்பில் 112 கிலோவாட் வைத்திருப்பவருக்குக் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது 150 ரூபாயானது. மாதம் 3,920 ரூபாய் கட்டியவர் 16,800 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும். இதனுடன் உச்சநேரப் பயன்பாட்டுக்கு 25 சதவீதக் கூடுதல் கட்டணம். எதிர்ப்புக்குப் பின் அரசு அதை 15 சதவீதமாகக் குறைத்தது. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறுதொழில் அமைப்புகள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின. மின்வாரியத்தின் கடன் சுமை உண்மையானது, அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் ஆர்டர் ஏறி இறங்கும் தொழிலில் நிலைக் கட்டணம் என்பது மந்தகாலத்தின் மீது விதிக்கப்படும் வரி. ஒரே ஷிப்ட் ஓட்டுபவருக்கு ஒரு பொருளின் அடக்கவிலையில் அது மூன்று ஷிப்ட் ஓட்டுபவருக்கு ஏறுவதைப் போல் மும்மடங்கு ஏறும்.

இவை எல்லாவற்றையும்விடக் கனமானது பில் பணத் தாமதம்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது: குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. முறையிட வசதியாக்கக் குழு இருக்கிறது. சட்டத்தில் பல் இருக்கிறது. கடிக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை. உற்பத்தியில் பெரும்பகுதியை ஒரே வாங்குநருக்குக் கொடுக்கும் பட்டறைக்காரர் அந்த வாங்குநர் மீது முறையிட்டால் அடுத்த மாத ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். ஆகவே அவர் 90 நாளோ 120 நாளோ காத்திருக்கிறார்.

காத்திருப்பின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 90,000 ரூபாய். பில் போட்ட மறுமாதம் 20ஆம் தேதிக்குள் அது அரசுக்குப் போய்விட வேண்டும். வாங்குநர் பணம் தந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. பணம் 120 நாளில் வருகிறது என்றால், எந்த நேரத்திலும் ஏறத்தாழ மூன்று மாத வரியான 2,70,000 ரூபாயைப் பட்டறைக்காரர் முன்பணமாகப் போட்டிருப்பார். உள்ளீட்டு வரி வரவு இதைக் குறைக்காதா என்று கேட்கலாம். ஜாப் ஒர்க்கில் மூலப்பொருள் வாங்குநருடையது. பட்டறையின் பெருஞ்செலவுகள் கூலியும் மின்சாரமும். கூலிக்கு ஜிஎஸ்டி இல்லை, மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே. வரவு வைக்க இன்செர்ட்டும் கூலன்ட்டும் போன்றவைதான் மிஞ்சுகின்றன. பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு 2019 அக்டோபரில் 12 சதவீதமாகக் குறைந்த வரி, 2025 செப்டம்பரில் அந்த அடுக்கே நீக்கப்பட்டபோது மீண்டும் 18 ஆயிற்று. நுகர்வோருக்கு நன்மை தந்த அந்தச் சீர்திருத்தம் இந்த ஒரு மூலையில் சுமையைக் கூட்டியது. தன் பணமும் அரசின் பணமும் பெரிய நிறுவனத்தின் நடைமுறை மூலதனமாக மாறிக் கிடக்க, பட்டறைக்காரர் ஓவர்டிராப்ட் வட்டி கட்டுகிறார்.

இதற்கு மருந்தாக வந்தது வருமான வரிச் சட்டத்தின் 43பி (எச்) பிரிவு. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதைச் சேர்த்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. காலக்கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்குநர் செலவாகக் காட்ட முடியும். நோக்கம் நல்லது, ஓட்டை பெரிது. ஏப்ரலில் வாங்கிய சரக்குக்கு அடுத்த மார்ச் 31க்குள் பணம் கொடுத்துவிட்டால் வரிக்கணக்கில் வாங்குநருக்கு எந்த இழப்பும் இல்லை. விற்பவர் 11 மாதம் காத்திருந்திருப்பார். குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவை ரத்து செய்துகொள்ளுங்கள் என்று சிறு விற்பனையாளர்களிடம் கேட்கப்படுவதாகவும் புகார்கள் எழுந்தன.

முதலாளிகளையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ, இருபது பேர் இருந்தால் வருங்கால வைப்பு நிதி என்ற வரம்புகளுக்குக் கீழே இருப்பதற்காக ஒரே கூரையின் கீழ் இரண்டு பெயர்ப்பலகை மாட்டும் வழக்கம் பேட்டைகளில் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆட்களை லேபர் காண்ட்ராக்டர் வழியாக எடுத்து, சம்பளத்துக்கும் விபத்துக்கும் அவரைக் கைகாட்டுவதும் உண்டு. பவர் பிரஸ்ஸில் விரல் இழந்தவருக்கு இஎஸ்ஐ அட்டை இல்லையென்றால், அந்த நட்டம் முழுவதும் அவருடையது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது இந்த உறவு எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தது. ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அரசும் தொழிலமைப்புகளும் ஓடி ஓடி நம்பிக்கை சொல்ல வேண்டியிருந்தது. நேரடிப் பதிவும் தங்குமிடமும் உள்ள இடத்தில் வதந்தி அவ்வளவு எளிதில் ஆளைக் கிளப்பாது. கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவுநீரும் அப்படித்தான்: சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் அதை ஏரியின் மீதும் ஏரிக்கரை மக்கள் மீதும் ஏற்றினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை அந்த வழக்கு போனது. மேலிருந்து வரும் சுமையைக் காட்டி இவற்றை நியாயப்படுத்த முடியாது.

சிறு பட்டறை உற்பத்தித்திறன் குறைந்தது, அது பெரிதாகட்டும், முடியாதது மூடட்டும் என்று வாதிடும் பொருளியல் பார்வை ஒன்று உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது; மிகச் சிறிய அளவிலேயே தேங்கி நிற்பது யாருக்கும் நல்லதல்ல. ஆனால் எந்தப் பணத்தைக் கொண்டு பெரிதாவது? புதிய விஎம்சி இயந்திரம் வாங்க வைத்த பணம் நான்கு மாதப் பாக்கியாக வாங்குநரிடம் இருக்கிறது. திறனைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் கொடுக்கல் வாங்கல் நேராக வேண்டும். அதற்கு முன் மூடும் பட்டறை திறமையற்றதா, பணம் வராததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவற்றில் சில பெரிய செலவு கேட்பவை. இரண்டு ஏரிக்கும் இடைப்பட்ட நீர்வழிக்கு ஒரே பொறுப்பு அதிகாரி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவர் பெயரில் வெளியாகும் ஆய்வறிக்கை. ஒரகடம் வட்டாரத்தின் வல்லம் வடகாலில் 18,720 பேருக்கு 2024இல் திறக்கப்பட்டதைப் போன்ற தொழிலாளர் குடியிருப்புகள் பழைய பேட்டைகளுக்கும். மின்சாரத்தில் அனுமதித்த சுமைக்குப் பதிலாக உண்மையில் எட்டிய உச்சச் சுமையை ஒட்டிய நிலைக் கட்டணம்.

செலவே கேட்காத ஒன்றும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டிப் பாக்கி வைத்துள்ள கம்பெனிகள் எம்எஸ்எம்இ-1 என்ற படிவத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை கம்பெனிப் பதிவாளரிடம் விவரம் தர வேண்டும் என்பது 2019 முதல் நடைமுறையில் உள்ள விதி. எந்தக் கம்பெனி எத்தனை நாள் தாமதிக்கிறது என்பதை எந்தப் பட்டறைக்காரரும் முறையிட்டு ஆர்டரை இழக்காமலேயே அரசு சொல்லிவிட முடியும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் அந்தப் படிவங்களைக் கம்பெனி வாரியாகத் தொகுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் வெளியிட வேண்டும். தமிழ்நாட்டின் சிறுதொழில் அமைப்புகள் தங்கள் அடுத்த மனுவில் முதல் கோரிக்கையாக இதையே வைக்க வேண்டும்.