அலுவலக உள்ளமைப்புப் பசுமைச் சான்று

ஓர் அலுவலகத்தின் தடுப்புகள், தரைவிரிப்பு, விளக்குகள், குளிர்சாதன வசதி, அறைகலன்கள் ஆகியவை சுற்றுச்சூழலுக்கும் அங்கே வேலை செய்வோர் உடல்நலத்துக்கும் எந்த அளவு உகந்தவை என்று மதிப்பிட்டு வழங்கப்படும் சான்று. கட்டடம் முழுமைக்கும் தரப்படும் பசுமைச் சான்றிலிருந்து கிளைத்தது. அமெரிக்காவின் ‘லீட் வணிக உள்ளமைப்பு’, பிரிட்டனின் ‘ஸ்கா’ ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை.

பின்னணி

ராபர்ட் புரோப்ஸ்ட் வடிவமைத்த ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ தடுப்பு முறையின் இரண்டாம் வடிவத்தை ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1968இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தேவைக்கேற்பக் கழற்றி மாட்டும் வசதியே அதன் நோக்கம். ஆனால் குறைந்த இடத்தில் நிறையப் பேரை உட்காரவைக்கும் வழியாகவே நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டன.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எரிசக்தியை மிச்சப்படுத்தக் கட்டடங்களுக்குள் வெளிக்காற்று வருவது குறைக்கப்பட்டது. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் 1981ஆம் ஆண்டுத் தரம், புகைபிடிக்காத அலுவலகங்களில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. அலுவலகத் தடுப்புகளிலும் மேசைகளிலும் உள்ள துகள்பலகைப் பசையிலிருந்து கசியும் பார்மால்டிஹைடு போன்ற வாயுக்கள் உள்ளேயே தங்கின. தலைவலி, கண்ணெரிச்சல் புகார்கள் பெருகின. 1989இல் அந்த அளவு 20 கன அடியாக உயர்த்தப்பட்டது.

முன்னோடி முயற்சிகள்

நியூயார்க்கில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பின் அலுவலகத்தை 1985இல் கட்டடக் கலைஞர் வில்லியம் மெக்டொனா, உள்காற்றின் தூய்மையைக் கருதி வடிவமைத்தார். அதே நகரில் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபன் சங்கம் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றை இடிக்காமல் புதுப்பித்து, 1992இல் தன் தலைமையகமாக்கியது.

சான்று முறைகள்

உலகின் முதல் கட்டடச் சூழல் மதிப்பீட்டு முறையான ‘பிரீம்’ 1990இல் பிரிட்டனில் தொடங்கியது. 1993இல் உருவான அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் 1998இல் லீட் முறையைச் சோதனையாக அறிமுகப்படுத்தியது. வாடகைக்கு இருக்கும் நிறுவனத்தால் கட்டடத்தின் சுவரையோ கூரையையோ மாற்ற முடியாது. அத்தகையோருக்காக 2004இல் வணிக உள்ளமைப்புத் தரம் தனியே வந்தது. ராயல் பட்டய நில அளவையாளர் நிறுவனத்தின் ஸ்கா முறை 2009இல் தொடங்கியது. வடிவமைப்பு, ஒப்படைப்பு ஆகிய கட்டங்களோடு, குடியேறிய பிறகு அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதையும் அது மதிப்பிடுகிறது.

அறைகலன் மறுபயன்பாடு

லீட் உள்ளமைப்புத் தரத்தின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் மொத்தம் 110 புள்ளிகள் இருந்தன. 40 பெற்றால் சான்று, 80 பெற்றால் மிக உயர்ந்த நிலையான பிளாட்டினம். அறைகலன் செலவுக் கணக்கில் 30 சதவீதம் பழைய அல்லது செப்பனிட்ட பொருட்களாக இருந்தால் ஒரு புள்ளி தரப்பட்டது. ஒரே இடத்தில் குறைந்தது 10 ஆண்டுகள் இருக்க ஒப்பந்தம் செய்தாலும் ஒரு புள்ளி; அடிக்கடி இடம் மாறும்போதுதான் மேசை நாற்காலிகள் குப்பைக்குப் போகின்றன. ஓராண்டுக்கு மேல் பழகிய அறைகலனுக்கு வாயுக்கசிவுச் சோதனை கேட்கப்படவில்லை. புதுப் பலகையிலிருந்து வெளியேறும் வாயு நாளடைவில் குறைந்துவிடும் என்பதே காரணம்.

புது அறைகலன்களுக்கெனத் தனிச் சான்றுகளும் உண்டு. 2001இல் வந்த ‘கிரீன்கார்டு’ வாயுக்கசிவை அளக்கிறது. 1993இல் உருவான வனப் பொறுப்பு மன்றத்தின் முத்திரை, மரம் முறையாகப் பேணப்படும் காட்டிலிருந்து வந்ததற்குச் சான்று.

இந்தியாவில்

இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001இல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தை அமைத்தது. ஐதராபாத்திலுள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் பெற்ற முதல் கட்டடம். 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்தார். உள்ளமைப்புக்கென இம்மன்றம் தனித் தர முறையும் நடத்துகிறது.

மதிப்பீடு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 2018இல் அந்நாட்டில் வீடுகளும் அலுவலகங்களும் கழித்த அறைகலன்கள் சுமார் 1.2 கோடி டன். அதில் 80 சதவீதம் மண்ணில் புதைக்கப்பட்டது. பெரும்பாலான சான்றுகள் அலுவலகம் புதிதாக அமையும் நாளில் தரப்படுபவை. அதே மேசை அடுத்த இடமாற்றத்தில் எங்கே போகிறது என்பதை அவை கண்காணிப்பதில்லை. இதுவே இம்முறைகளின் பெருங்குறை.