பழுதானது கடிகாரமா, நினைவா? பார்க்கின்சன் நோயில் காலஉணர்வு

பார்க்கின்சன் நோயாளிகளின் காலஉணர்வு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத் தருகிறார்கள். மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதை ஓட்டுவது டோபமின் என்ற மூளை வேதிப்பொருள், இந்நோயில் அது குறைவதால் கடிகாரம் மெதுவாகிவிடும் என்பார்கள். நோயாளியின் நடையும் பேச்சும் மெதுவாவதைக் கண்முன்னே பார்ப்பதால் இவ்விளக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சான்றுகளை நெருங்கிப் பார்த்தால் இது முழுமையாக நிற்கவில்லை. மெதுவான கடிகாரம் என்ற கருத்து நோயின் ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது. முக்கியமான பகுதியை மறைத்துவிடுகிறது.

இதன் வேர் விலங்காய்வில் இருக்கிறது. 1977இல் ஜான் கிப்பன் முன்வைத்து, பின்னர் பிறருடன் விரிவாக்கிய கோட்பாட்டின்படி, மூளையில் துடிப்புகள் எழுகின்றன, அவை எண்ணிச் சேர்க்கப்படுகின்றன, சேர்ந்த தொகை நினைவில் உள்ள தொகையோடு ஒப்பிடப்படுகிறது. டோபமின் செயல்பாட்டைக் கூட்டும் மெத்தாம்பெட்டமைன் எலிகளின் கடிகாரத்தை விரைவாக்குவதாகவும், அதைத் தடுக்கும் ஹாலோபெரிடால் மெதுவாக்குவதாகவும் வாரன் மெக் காட்டினார். 1992இல் பாஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் பார்க்கின்சன் நோயாளிகளைச் சோதித்தபோது, அவர்கள் கடந்துபோன நேரத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். டோபமின் குறையை ஈடுசெய்யும் மருந்தான லெவோடோபா கொடுத்ததும் பிழை குறைந்தது. எலியும் மனிதனும் ஒரே திசையைக் காட்டியதால் கேள்வி முடிந்துவிட்டதாகவே பலர் எண்ணினார்கள்.

1998இல் சாரா மலபானியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அந்த நிம்மதியைக் கலைத்தது. திரையில் ஒரு கட்டம் தோன்றும். குறித்த நேரம் கழிந்ததும் அதன் நிறம் மாறும். நோயாளி அந்த நேர அளவைக் கற்றுக்கொண்டு, பிறகு நிறம் மாறாத கட்டத்தைப் பார்த்தபடி அதே அளவைத் தானே எடுத்துக்காட்ட வேண்டும். கற்க வேண்டிய அளவுகள் இரண்டு: 8 நொடி, 21 நொடி. மருந்தின் பலன் இருக்கும்போது நோயாளிகள் இரண்டையும் சரியாகவே காட்டினார்கள். மருந்தில்லாதபோது 8 நொடி நீண்டது, 21 நொடியோ சுருங்கியது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டதுபோல் நடுவை நோக்கி நகர்ந்தன.

கடிகாரம் மெதுவாக ஓடினால் இரண்டு அளவுகளும் ஒரே திசையில்தானே பிசக வேண்டும்? ஒன்று நீள, மற்றொன்று சுருங்குவதற்கு அதில் வழியே இல்லை. இதைவிட அடிப்படையான ஓர் இடரும் உண்டு. கற்கும்போதும் கடிகாரம் மெது, காட்டும்போதும் அதே மெது என்றால் பிழை தானாகவே அடிபட்டுப் போகும். தவறாகக் குறியிட்ட அளவுகோலால் துணியை அளந்து, அதே கோலால் மறுபடி அளந்தால் நீளம் மாறாது. எனவே மருந்தற்ற நிலையில் கற்று, மருந்தற்ற நிலையிலேயே சோதிக்கப்பட்டவரின் பிழைக்குக் கடிகாரத்தின் வேகம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

2002இல் அதே குழு இதைப் பிரித்துப் பார்த்தது. மருந்தில்லாமல் கற்று மருந்தோடு சோதிக்கப்பட்டபோது இரண்டு அளவுகளும் நீண்டன. மருந்தோடு கற்று மருந்தில்லாமல் சோதிக்கப்பட்டபோதுதான் அவை ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. அதாவது நேரத்தை நினைவில் பதிப்பது ஒரு வேலை, பதிந்ததை எடுப்பது வேறொரு வேலை. டோபமின் குறைவு இரண்டையும் வெவ்வேறு விதமாகக் கெடுக்கிறது. இந்த ஆய்வுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

எல்லா நோயாளிகளும் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. 2008இல் வியர்டனும் குழுவினரும் செய்த சோதனைகளில் நோயாளிகள் பெரும்பாலும் இயல்பாகவே நேரத்தைக் கணித்தார்கள். அதே ஆண்டு மெர்ச்சன்ட் குழு நோயாளிகளுக்குள்ளேயே பெரிய வேறுபாட்டைக் கண்டது. விலங்காய்வும் ஒரே திசையைக் காட்டவில்லை. 2016இல் சோரேஸ், அட்டல்லா, பேட்டன் மூவரும் நடுமூளை டோபமின் செல்களைத் தூண்டியபோது, சுண்டெலிகள் நேரத்தைக் குறைத்து மதிப்பிட்டன. மெக்கின் கருத்துப்படி நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். டோபமினைக் கடிகாரத்தின் வேகக் கைப்பிடியாகக் கருதுவோர் இந்த முடிவுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

மற்ற இயக்கக் கோளாறுகளோடு ஒப்பிட்டால் படம் இன்னும் தெளிகிறது. 2018இல் பிரெஸ்காவும் ஐவ்ரியும் சிறுமூளை சிதைந்தவர்களையும் பார்க்கின்சன் நோயாளிகளையும் ஒரே வகைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். சீரான துடிப்பைப் பின்பற்றி அடுத்தது எப்போது வரும் என்று எதிர்பார்ப்பதில் பார்க்கின்சன் நோயாளிகள் தடுமாறினார்கள்; ஒற்றை இடைவெளியை நினைவில் கொண்டு எதிர்பார்ப்பது அவர்களால் முடிந்தது. சிறுமூளை நோயாளிகளிடம் இது தலைகீழாக இருந்தது. ஹண்டிங்டன் நோயின் மரபணுவைச் சுமப்பவர்களை விரலால் சீராகத் தட்டச் சொன்னால், நோய் உறுதியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தட்டல்களின் இடைவெளி சீர்குலைகிறது. ஒரே கடிகாரம் எல்லா நோயிலும் பழுதாகிறது என்று இதற்குமேல் சொல்ல இயலாது.

பார்க்கின்சன் நோயில் தளர்வது உள்ளிருந்து தாளத்தை எழுப்பும் திறன் என்றால், வெளியிலிருந்து தாளம் கொடுப்பது பயன்தர வேண்டும். பயன் தரவும் செய்கிறது. 1996இல் தாட் குழுவினர் சீரான ஒலித்துடிப்புக்கு ஏற்ப நடக்கும் பயிற்சியை 3 வாரம் அளித்தபோது நோயாளிகளின் நடைவேகமும் காலடி நீளமும் கூடின. வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நிற்பவரை “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணி நடத்தும் மனைவிக்கு எந்தக் கோட்பாடும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் செய்வது சரியான சிகிச்சைதான். “சீக்கிரம் வாங்க” என்ற அவசரச் சொல்லால் அந்த உதவி கிடைப்பதில்லை, ஏனெனில் அதில் பற்றிக்கொள்ளத் துடிப்பு இல்லை.

ஆயினும் நொடிகளைக் கொண்டு நடத்தும் சோதனைகள் நோயாளி வாழும் காலத்தைத் தொடுவதில்லை. மூளையழற்சிக்குப் பின் பார்க்கின்சன் நிலைக்கு ஆளான ஒருவரை நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் விவரித்திருக்கிறார். அவர் கையைத் தூக்கியபடி உறைந்திருப்பதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றியது. கேட்டால், மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததாகவே சொன்னார்; அந்த ஒரு செய்கைக்கு மணிக்கணக்கில் ஆனதை அவர் உணரவேயில்லை. எட்டு நொடியைச் சரியாகக் காட்டுகிறாரா என்ற கேள்வி இந்த அனுபவத்தின் அருகில்கூட வருவதில்லை. கால அளவைக் கணிப்பது ஒன்று, காலம் நகர்வதாக உணர்வது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றிய முறையான ஆய்வு மிகக் குறைவு.

இனி நடக்கும் சோதனைகளில் குறைந்தது இரண்டு தகவல்கள் பதிவாக வேண்டும். நோயாளி கற்கும்போதும் சோதிக்கப்படும்போதும் கடைசி மாத்திரை உண்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு முடிவுகளுக்குப் பிறகு இதை விட்டுவிடும் ஆய்வை ஏற்பது கடினம். அடுத்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருந்த நேரம் தமக்கு நீண்டதா, குறுகியதா, அல்லது அப்படியொரு நேரம் கழிந்ததே தெரியவில்லையா என்று நோயாளியிடமே கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும்.